அறுபது நாள் தங்கை

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மருந்து கண்ணில் சில்லென்று விழ வேண்டும். இரண்டரை மாதமாக, நாளைக்கு எட்டு தடவை, அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. அன்று பதினோரு மணிக்கு விழுந்த சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

மூத்தவள் கண்ணை மூடியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஜன்னலுக்கு இரட்டைத் திரை, அதற்கும் மேல் ஒரு பழைய போர்வை. வெளிச்சம் பட்டால் அவள் கண் எரியும் என்பதால் அந்த வீட்டுக்குள் பகல் வருவதில்லை. வெளியே உச்சி வெயிலில் தெரு காய்ந்துகொண்டிருக்க, உள்ளே விளக்கு வைக்கும் நேரத்து இருட்டும், பல நாள் திறக்காத அலமாரியின் வாசனையும், ஃப்ரிட்ஜின் ஓயாத முனகலும் இருந்தன.

"சுடுதண்ணியில வச்சு எடுத்தியாம்மா?"

"எதுக்கு? சூடு ஆகாதுன்னு டாக்டர்தான் சொல்லியிருக்காரே. தொட்டுப் பாரு."

அம்மா குப்பியை அவள் விரலில் வைத்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி, வெளிச்சம் படாமலிருக்க அலுமினியத் தாள் சுற்றியது. தாளின் மேல் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. விரல் மரத்தது. கண்ணுக்குள் மட்டும் அந்தச் சூடு, புது இடத்தில் படுக்க வந்தவர் புரண்டு புரண்டு வாகு பார்ப்பதைப் போல, இமைக்கடியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுடைய கண்ணீர்ச் சுரப்பிகளை அவள் உடம்பே தின்று தீர்த்துவிட்டது. டாக்டர் அதற்கு நீளமான ஒரு பெயர் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொண்டாள். தொழில் அப்படி. பாடப்புத்தகம் போடும் அச்சகத்துக்குப் பதினெட்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவள். கடையில் விற்கும் செயற்கைக் கண்ணீர் எதுவும் கேட்கவில்லை. காலையில் இமை கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது பழத்தோல் உரிவதுபோல் ஒரு சத்தம், அவளுக்கு மட்டும் கேட்கும். கடைசி வழி சீரம் என்றார் டாக்டர். ரத்தத்தை எடுத்து, உறைய விட்டு, இயந்திரத்தில் சுற்றினால் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் திரவம். அதில் உப்புநீர் கலந்து சொட்டு மருந்தாக்குவார்கள். வழக்கமாக நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே செய்வது. அவளுக்கு ரத்தசோகை. போதாததற்கு அந்த நோய்.

"உங்க ரத்தம் உங்களுக்கே ஆகாதும்மா," என்றார் டாக்டர். "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். எட்டு வயது இளையவள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களைச் சிரிக்க வைத்து, அதனாலேயே இன்னும் வலிக்க வைத்து, எல்லோருக்கும் வேண்டியவளாக இருந்த சின்னவள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து என் ரத்தத்தை உறிஞ்சினவதான் இவ. இப்ப டாக்டர் சீட்டோட உறிஞ்சறா. அவ்வளவுதான் வித்தியாசம்."

ரத்தம் எடுக்கும் லேப் அக்கா, "ஆடாதீங்கம்மா, ஊசி நகருது," என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிக்கும்போது ஒரு பழக்கம். இரண்டு கண்ணையும் எலுமிச்சை பிழிகிற மாதிரி இறுக்கி மூடி, பிறகு ஒரே நேரத்தில் படக்கென்று திறப்பாள்.

முதல் தடவை எடுத்தது இரண்டு மாதத்துக்கு வந்தது. கண் திறந்தது. எழுத்து மறுபடி எழுத்தாகத் தெரிந்தது. இரண்டாம் தடவைக்கு நாள் நெருங்கியபோது சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு வாரம் தள்ளிப் போடலாமா? கொஞ்ச நாளா தலை சுத்தற மாதிரியே இருக்கு."

"நாலு குப்பிதான் இருக்கு. எட்டாம் வகுப்பு அறிவியல் திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். கண்ணை மூடிக்கிட்டா திருத்தறது?"

"சரி சரி. போன்லயே முறைக்காத, ஆந்தை. வர்றேன்."

வியாழக்கிழமை வந்து கொடுத்தாள். சனிக்கிழமை, பல் மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும்போது விழுந்தாள். பதினோரு படி. ரத்தம் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்று தடவை சொன்னார், மூத்தவள் மூன்று தடவை கேட்டதால்.

எல்லோரும் கூடி அழுத அந்த அறையில் அவள் வறண்ட கண்ணோடு நின்றாள். ஒருவேளை உள்ளே என்னவோ உடைந்துகொண்டிருந்தது. ஆனால் அது வெளியே வர வழியில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தை யாரிடமோ சொன்னது கேட்டது: "கூடப் பொறந்தவ. ஒரு சொட்டு வருதா பாரு." மூன்று மணி ஆனது. மருந்து விடும் நேரம். விடாவிட்டால் இமை ஒட்டும். அவள் சமையலறைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு திரும்பினாள். அதிகமாக விழுந்தது கன்னத்தில் வழிந்தது. அறை இளகியது. அத்தை வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "அழு, நல்லா அழுதுடு," என்றாள். செத்தவளின் சீரம் அவள் கன்னத்தில் வழிந்து, தாடையில் சற்று நின்று, செத்தவளின் போர்வை மேல் சொட்டியது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். யாரோ புதுக் குரல். "மருந்து ரெடியா இருக்கு மேடம். ஐஸ் பெட்டி எடுத்துட்டு வந்துடுங்க."

அறுபது குப்பிகள். மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு சீட்டு: ரத்தம் எடுத்த தேதி, கொடுத்தவர் பெயர், உறவு. தங்கை, தங்கை, தங்கை என்று அறுபது தடவை.

அம்மா அவளோடு வந்து தங்கினாள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். யாருக்கு யாரை இணைத்தாலும் நடுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம் என்று பெருமையாகச் சொல்வாள். வந்த அன்று ஃப்ரீசரைத் திறந்து வெகுநேரம் நின்றாள். குளிர் புகையாக இறங்கி அவள் பாதத்தை மூடியது. பிறகு உள்ளே இருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். குப்பிகளைத் துணியால் துடைத்து, சீட்டு வெளியே தெரியும்படி, வரிசையாக அடுக்கினாள்.

"இனிமே மருந்து நான் விடறேன்."

"எனக்கே விட்டுக்கத் தெரியும்மா."

"தெரியும். நான் விடறேன்."

தினமும் ஒரு குப்பியை இரவில் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும், காலையில் உருகியிருக்கும், ஒரு நாள் முழுக்க அதையே விடலாம். மிச்சம் இருந்தால் இரவில் கொட்டிவிட வேண்டும், எந்தக் காரணம் கொண்டும் வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் லேப் அக்கா சொல்லியிருந்தாள். மூத்தவள் அம்மாவுக்கு எழுதியே கொடுத்தாள்.

அம்மாவின் கை நடுங்காது. கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு, பிறகு விரலை எடுக்காமல் குனிந்து உள்ளே பார்ப்பாள். முதலில் ஒரு நொடி. பிறகு ஐந்து. பிறகு மூத்தவளின் கழுத்து வலிக்கும் வரை. அம்மாவின் மூச்சு நெற்றியில் படும். வெற்றுத் தண்ணீரும் மாத்திரையும் கலந்த வாசனை.

வெதுவெதுப்பான சொட்டு விழுந்த அந்த நாளுக்குப் பிறகு எந்தச் சொட்டும் குளிரவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், தாவரங்களின் சுவாசம் பற்றிய பாடத்தில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்தபோது தாளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. சிவப்பு மைக் குறி கரைந்து பரவியது. இன்னொன்று. கன்னத்தைத் தொட்டாள். ஈரம். நக்கிப் பார்த்தாள். உப்பு. நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் கண்ணில் நீர் வந்திருந்தது. சுரப்பி உயிர் பெற்றுவிட்டதா, டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று ஒரு சந்தோஷம் பொங்கியது. நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். அப்போதுதான் பக்கத்து அறையில் அம்மா விசும்பும் சத்தம் கேட்டது, தலையணையில் வாயைப் புதைத்து, யாருக்கும் கேட்கக் கூடாதென்று. அவள் அசையாமல் நின்றாள். அம்மா விசும்பினால் இவள் கண் வழிந்தது. அம்மா மூச்சு வாங்க நிறுத்தினால் இதுவும் நின்றது. மறுபடி அம்மா. மறுபடி இது. மூத்தவளின் மனதில் அப்போது துக்கம் இல்லை. தாவரங்களின் இலைத்துளைகள்தான் இருந்தன.

சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

பிறகு படிப்பது கடினமானது. எழுத்து மங்கவில்லை. அவள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போவாள், பாதி வரியில் கண் வரியை விட்டு நழுவும். யாரோ முகவாயைப் பிடித்துத் திருப்புவதுபோல் விழி மட்டும் உள்ளுக்குள் இழுபடும், தசை வலிக்க, வலப்பக்கம், கதவுப்பக்கம். அங்கே அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பாள். விழி அம்மாவைத் தொட்டதும் இழுப்பு நிற்கும். அங்கேயே தங்கும். மூத்தவள் விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், சாலையைக் கடக்க வண்டிகள் போகக் காத்திருப்பதைப் போல.

குளியலறைக் கண்ணாடியில் ஒருநாள் அவள் முகம் கழுவி நிமிர்ந்தாள். முகம் அவளுடையது. உதடு சிரிக்கவில்லை. கண் இரண்டும் எலுமிச்சை பிழிகிற மாதிரி இறுக மூடி, படக்கென்று திறந்தன.

கதவிடுக்கில் அம்மா நின்றிருந்தாள்.

"வந்துட்டா," என்றாள். உரக்கச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்கிற மாதிரி. "எனக்குத் தெரியும். என் கண்ணு எங்கயும் போகலன்னு எனக்குத் தெரியும்."

கண்ணு என்று அம்மா சின்னவளைத்தான் கூப்பிடுவாள். மூத்தவளை வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து மூன்று மணிச் சொட்டுக்குப் பிறகு அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார ஆரம்பித்தாள். மூக்கும் மூக்கும் தொடும் தூரம். ஆமாம் என்றால் ஒரு இமைப்பு. இல்லை என்றால் இரண்டு. அதை அம்மாவும் சின்னவளும் எப்போது பேசிக்கொண்டார்கள் என்று மூத்தவளுக்குத் தெரியாது.

"சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடாமத்தான் வேலைக்குப் போனியா அன்னிக்கு?"

இமை ஒரு தடவை இறங்கி ஏறியது. மூத்தவள் இறக்கவில்லை. தடுக்கப் பார்த்தாள். மேலிமை தனி ஆளாக, நிதானமாக இறங்கியது.

"வலிச்சுதா?"

இரண்டு.

"பொய் சொல்லாத. சின்ன முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவே நீ." அம்மா சிரித்தாள். கண்ணும் சிரித்தது. மூத்தவளின் முகம் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"அம்மா, போதும். எனக்கு பயமா இருக்கு."

அம்மா எரிச்சலோடு நிமிர்ந்தாள். "நான் உன்கிட்ட பேசல. நீ லைன். லைன் நடுவுல பேசக் கூடாது."

"அம்மா—"

"ரத்தம் கொடுக்க வந்தப்ப அவ சொன்னதையெல்லாம் லேப்ல ஊசி போடற பொண்ணு சொன்னா. ரெண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டாளாமே என் பொண்ணு." அம்மா மறுபடி குனிந்தாள். கட்டைவிரல் கீழிமையை இழுத்தது. குரல் மட்டும் குழைந்தது. "சொல்லு கண்ணு. உங்கக்கா உன்னை விடலையா?"

மூத்தவள் மூச்சைப் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கி, இமைகளைத் தன் பலம் கொண்ட மட்டும் மேலே நிறுத்தினாள். கருவிழி காய்ந்தது. எரிந்தது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

ஒரு இமைப்பு.

அம்மா அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். அவள் கண்ணோடுதான் பேசினாள்.

டாக்டரிடம் போய்விட வேண்டும். சீரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். கண் எரிந்தால் எரியட்டும், இமை ஒட்டினால் ஒட்டட்டும், அது அவள் கண்ணாக இருக்கும். அம்மா குளிக்கப் போனதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். மூன்றாம் மாடி. வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்து, தூசி மினுமினுத்தது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படிக்கு முன்னால் கால் வைத்தாள்.

கண் மூடிக்கொண்டது.

திறக்கப் பார்த்தாள். விரலால் பிரித்தாள். இமைகள் தைத்த மாதிரி இறுகின. இரண்டடி பின்னால் வந்தாள். திறந்தன. மறுபடி படி. மறுபடி மூடின. படிக்கட்டைப் பார்க்கவே அவற்றுக்குப் பயம். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, குருடியாகவே இறங்கிவிடலாம் என்று ஒரு காலைக் கீழே நீட்டினாள். இரண்டாம் காலை நீட்டினாள்.

திறந்தன.

அது அவள் வீட்டுப் படிக்கட்டு இல்லை. நீலக் கரை போட்ட ஓடு. ஈரம். பதினோரு படி. கீழே ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. தரை நெருங்கியது. மிக அருகில். ஓட்டின் விரிசலுக்குள் ஒரு எறும்பு போவது தெரிந்தது.

அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பியைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டித்து. பின்னால் அம்மா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அவளைப் படிக்கட்டுக்கா கூட்டிட்டு வந்தே? உனக்கு மனசே இல்லையாடி?"

குப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. இருபது. ஒன்பது. மூன்று. முடிந்தால் முடிந்தது என்று மூத்தவள் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள். ஐம்பத்தொன்பதாம் நாள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, கீழ்த்தட்டில், காய்கறிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. இருமல் மருந்து பாட்டில். கழுவி, சீட்டைச் சுரண்டி எடுத்தது. முக்கால் பாகம் நிறைந்திருந்தது. மேலே கலங்கல். அடியில் வெள்ளையாக, நூல் நூலாக ஏதோ தொங்கி, பாட்டிலைத் தூக்கியதும் மெல்ல எழும்பியது. மூடியைத் திறந்தாள். பூ வாடிய ஜாடித் தண்ணீரின் வாடை. உள்ளே இரும்பு.

"இது என்னம்மா?"

"மிச்சம்."

"எது மிச்சம்?"

"தினம் ராத்திரி கொட்டு கொட்டுன்னு எழுதிக் கொடுத்தியே, அந்த மிச்சம். என் பொண்ணைக் கழுவற தொட்டியில ஊத்தச் சொன்னே நீ."

அம்மா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அது ஃப்ரிட்ஜில் இல்லை. அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

மூத்தவள் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு லேப் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு மருந்து தீந்துடும், இல்லையா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். அடுத்து யாரு ரத்தம் கொடுக்கப் போறாங்க?"

"அக்கா, பழைய மிச்சத்தைச் சேத்து வச்சிருந்தா என்ன ஆகும்?"

"விட்டீங்களா?"

"இன்னும் இல்ல. கிளம்பி வரலாம்னா என்னால படி இறங்க முடியல."

"விட்டுடாதீங்கம்மா. கிருமி பிடிச்சிருக்கும். ரெண்டே நாள்ல கருவிழி வெந்த முட்டை மாதிரி ஆயிடும், டாக்டராலகூட ஒண்ணும் பண்ண முடியாது. இருங்க, நாளன்னிக்குக் காலையில எங்க வண்டி அந்தப் பக்கம் வருது. டிரைவரை மேல அனுப்பறேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவாரு."

அறுபதாம் குப்பி அடுத்த நாள் இரவு ஒன்பது மணிக்கு முடிந்தது. அம்மா அதைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. காலிக் குப்பியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

காலை எட்டு மணி. முக்காலி இழுபடும் சத்தம். மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். இமைகள் ஒட்டியிருந்தன. அந்தப் பழைய எரிச்சல். அவளுடைய சொந்த எரிச்சல். அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூடி திருகும் சத்தம். வாடை.

"திற."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, நான் குருடாயிடுவேன். அம்மா, நானும் உன் பொண்ணுதான்."

அம்மா கையைப் பிரிக்கவில்லை. பலவந்தம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தூரத்து ஊருக்குப் பேசுகிறவள் மாதிரி, பொறுமையாகக் காத்திருந்தாள்.

வாசல் மணி அடித்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேம்மா," என்றது ஒரு ஆண் குரல். "பேஷண்டைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அம்மா எழுந்து போனாள். கதவை ஒரு சாண் திறந்தாள். "இப்ப பரவாயில்லப்பா. தூங்கறா."

"லேப் மேடம் அவசரம்னு சொன்னாங்களே."

"நான் அம்மா சொல்றேன். தூங்கறா."

கத்தியிருக்கலாம். இருபதடி தூரம். ஒரு வார்த்தை போதும். மூத்தவள் வாயைத் திறந்தாள். ரெண்டு வாரம் தள்ளிப் போடலாமா அக்கா என்று தொண்டைக்குள் ஒரு குரல். நாலு குப்பிதான் இருக்கு என்று இன்னொரு குரல், அவளுடையது. அவள் கத்தவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். செருப்புச் சத்தம் படி இறங்கி, சிறுத்து, தெருவோடு போயிற்று.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு," என்றாள். "பசிக்குதா?"

உள்ளங்கைக்கு அடியில் இமைகள் அசைந்தன. ஒட்டியிருந்த இடம் பிரிந்தது. அந்தச் சத்தம். அவள் அழுத்தினாள். அவை உள்ளேயிருந்து தள்ளின, போர்வைக்குள்ளிருந்து குழந்தை முட்டுகிற மாதிரி. அவள் கை தளர்ந்தது. இமைகள் திறந்தன. அகலமாக. இன்னும் அகலமாக, ஓரம் கிழிய. கூரை தெரிந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் தன்னைப் பார்த்து ஒருமுறையும் அப்படி மலராத முகம். கலங்கலான ஒரு சொட்டு கண்ணாடிக் குழாயின் நுனியில் திரண்டு, கனத்து, நீண்டது.

இமைக்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் வெள்ளை. வலி முதல் இரவே உச்சத்துக்குப் போய், பிறகு விட்டுவிட்டது. பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல் வெள்ளை. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். கை இல்லை.

"அம்மா, இப்ப பகலா?"

முழங்காலில் வெயில் விழுந்து சுட்டது. திரை இல்லை. போர்வை இல்லை. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது, தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது. வெளிச்சம் கண்ணை எரிக்கவில்லை.

அம்மா நடந்துகொண்டிருந்தாள். அலமாரிப் பக்கம். துணி உதறும் சத்தம்.

"இது நல்லாயிருக்கா? இல்ல, அந்தப் பச்சையா?" கொஞ்ச நேரம். "எனக்கும் அதுதான் தோணுச்சு."

ஜன்னல் பக்கம் போனாள். மேசைப் பக்கம் வந்தாள். அம்மா சிரித்தாள், யாரோ சொன்ன எதற்கோ.

மூத்தவள் விரல்களைத் தூக்கி மெதுவாக இமை மேல் வைத்தாள். அடியில் விழிகள் ஈரமாக, உருண்டையாக, சுறுசுறுப்பாக இருந்தன. அம்மா இடப்பக்கம் நடந்தாள். அவை இடப்பக்கம் உருண்டன. அம்மா வலப்பக்கம் வந்தாள். வலப்பக்கம். அவளுக்கு வெள்ளை. வெள்ளை. வெள்ளை மட்டும். விரலை அழுத்தினாள். விழிகள் நின்றன. பிறகு இரண்டும் ஒன்றாக, மெல்ல, உள்பக்கம் திரும்பின. அவளை நோக்கி.

காலடிச் சத்தம் வந்து எதிரில் நின்றது. உலர்ந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"கையை எடு," என்றாள் அம்மா. "அவளுக்கு மறைக்குது."